பத்து டாலர் ஒயினில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: மெல்பனில் வசிக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் சூப்பர் மார்க்கெட்டை ஒட்டிய மதுக்கடையில் 10, 12 டாலருக்கு ஒயின் வாங்குவேன். ஒன்று அருமையாக இருக்கிறது, அடுத்ததை வாயில் வைக்க முடியவில்லை. விலை குறைந்ததில் நல்லதை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: ஒரே ரகத்தில் இரண்டு பாட்டில் வாங்குங்கள். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் என்றால் இரண்டும் ஷிராஸ். லேபிள் தெரியாதபடி காகிதத்தில் சுற்றி, வேறு யாரையாவது ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் குடித்தால் எல்லாமே சுமாராகத்தான் தெரியும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று பிடிபடும்.

சிவப்பு ஒயினை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். இங்கே கோடையான ஜனவரி வெயிலில் வெளியே கிடந்த பாட்டிலில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். வெள்ளை ஒயினுக்கு நேர்மாறு. கடும் குளிர் குறைகளை மறைத்துவிடும், அதனால் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுச் சுவையுங்கள்.

ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படும்படி உருட்டுங்கள். புளிப்பு, வாயில் எச்சில் ஊற வைக்க வேண்டும். அது இல்லாத ஒயின் சர்பத் மாதிரி சப்பென்று இருக்கும். சிவப்பில் அடுத்தது துவர்ப்பு. வாழைப்பூவும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈறை லேசாகப் பிடித்து விட்டால் நல்லது, பச்சைப் பாக்கை மென்றது போல வாயே வறண்டால் வேண்டாம். விழுங்கிய பிறகு மனதுக்குள் எண்ணுங்கள். பழச்சுவை ஏழெட்டு நொடி தங்கினால், இந்த விலைக்கு அது நல்ல சரக்கு. தித்திப்போ தொண்டை எரிச்சலோ மட்டும் மிஞ்சினால் அடுத்த முறை வாங்காதீர்கள்.

வெனிலா வாசனையில் மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் ஓக் மரம் தருவது. மலிவு ஒயினைப் பெரும்பாலும் ஓக் பீப்பாயில் வைப்பதில்லை, ஓக் சில்லுகளைத்தான் ஊறப்போடுவார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் மசாலாவை அள்ளிக் கொட்டிய குழம்பில் காயின் ருசி காணாமல் போவது போல, பழம் அடியில் போய்விடும்.

லேபிளில் ஊர்ப்பெயரைத் தேடுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதியான கிளேர் வேலி என்று போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அந்த ஊருடையதாக இருக்க வேண்டும். ‘சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்பதோ நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதையும், பக்கத்து மாநிலங்களில் ஒரு பகுதியையும் அடக்கிய பெயர். அதிலும் நல்லது உண்டு, ஆனால் திராட்சை எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

இந்த விலையில் என்னைக் கேட்டால் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின்தான். அதற்குப் பெரும்பாலும் பீப்பாய்ச் செலவு கிடையாது, கொடுக்கும் காசு பழத்துக்கே போகிறது. மீன் வறுவலுக்கு அந்தப் புளிப்பு எலுமிச்சை பிழிந்தது போலப் பொருந்தும். 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸை மிளகாய்க் காரத்தோடு குடித்தால் எரிச்சல்தான் கூடும்.

ஈர அட்டைப் பெட்டி வாடையோ, காடி நெடியோ வந்தால் அது கெட்ட பாட்டில். பில்லோடு கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டிலில் சுமார் எட்டு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ (ஆல்கஹால் அளவைக் கணக்கிடும் அலகு) இருக்கிறது. வண்டி ஓட்டுவதாக இருந்தால் சுவைத்துத் துப்பிவிடுங்கள், ஒயின் போட்டி நடுவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் ஒரு வாய் பாருங்கள். பழவாசனை அப்படியே இருந்தால் லேபிளில் அதே ஆண்டு போட்ட சரக்கில் இன்னும் நாலு வாங்கிப் போடலாம். ஆண்டு மாறினால் மறுபடியும் சுவைத்துப் பார்த்தே வாங்குங்கள்.