பத்து நிமிடச் சண்டையும் பத்து மாதக் காத்திருப்பும்

வாசகர் கேள்வி – பதில்

போர்ப் படங்களும் தொடர்களும் ராணுவ வாழ்க்கையை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். 22 ஆண்டுகள் படையின் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. அந்த 22 ஆண்டுகளில் எதிரியை நோக்கி ஒருமுறைகூட நான் சுட்டதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் இலேசாக வாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ராணுவம் என்றால் சண்டைதானே? சமையல்காரர், கணக்கர், வாகன ஓட்டுநர் போன்றவர்களைப் படங்களில் காட்டுவதில்லை. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: அவர்கள்தாம் பெரும்பான்மையினர், தம்பி. இன்றைய எந்தப் பெரிய ராணுவத்தை எடுத்துக்கொண்டாலும், துப்பாக்கியுடன் முன்வரிசையில் நிற்பவர்களைவிட அவர்களை அங்கே நிற்க வைப்பதற்காக உழைப்பவர்களின் எண்ணிக்கையே அதிகம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடும் வெயிலில் சுமையுடன் நடக்கும் ஒரு வீரருக்கு நாளொன்றுக்குப் 10 லிட்டர் வரை குடிநீர் தேவைப்படலாம். 120 பேர் கொண்ட ‘கம்பெனி’ என்னும் படைப்பிரிவுக்கு அது 1,200 லிட்டர் ஆகிறது. ஒரு டன்னுக்கும் மேற்பட்ட இந்தத் தண்ணீரை நாள்தோறும் யாரோ ஒருவர் சுத்திகரித்து, நிரப்பி, வண்டியில் ஏற்றி, பழுதான பாதையில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்க்க வேண்டும். உணவு, எரிபொருள், தோட்டா, மருந்து, உதிரிபாகம், கடிதம் ஆகியவற்றின் கணக்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. திரையில் நாயகனின் தண்ணீர்க் குப்பி எப்போதும் நிரம்பியே இருக்கிறது. அதை நிரப்பியவர் யார் என்ற கேள்வி நமக்கும் எழுவதில்லை.

சண்டையிடும் பிரிவினரின் வாழ்க்கையும் பெரும்பாலும் காத்திருப்பில்தான் கழிகிறது. என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு மலைச்சாவடியில் பத்து மாதங்கள் இரவுப் பணியில் இருந்தேன். அரை மணிக்கு ஒருமுறை வயர்லெஸ்ஸில் மூன்று சாவடிகளையும் அழைத்து, பதில் வந்ததும் பதிவேட்டில் நேரத்தை எழுதி, எதிரே ‘செய்தி இல்லை’ என்று குறிக்க வேண்டும். 02.00, செய்தி இல்லை. 02.30, செய்தி இல்லை. குளிரில் மை உறைந்து பேனா எழுதாது என்பதால் பென்சிலையே பயன்படுத்துவோம். ஒரு நாள் இரவு மூன்றாவது சாவடியிலிருந்து 40 நிமிடங்கள் பதிலே இல்லை. ரோந்துப் பிரிவை எழுப்பிவிட்டுக் காதில் ஹெட்செட்டை அழுத்திப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்த அந்த 40 நிமிடங்களில், குளிரையும் மீறிச் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், அங்கே பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான் நடந்தது. என் பணிக்காலத்தின் மிகப் பதற்றமான இரவு அதுதான். அதை எந்த இயக்குநரும் படமாக்க மாட்டார், ஆக்கினாலும் காசு கொடுத்து நானே பார்க்க மாட்டேன்.

கேள்வி: கையெறி குண்டின் பின்னைப் பல்லால் கடித்து இழுப்பது, சைலன்சர் பொருத்திய துப்பாக்கியால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காமல் சுடுவது முதலியவை சாத்தியமா? (ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: கையெறி குண்டின் பின் தவறுதலாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அதன் முனைகளை விரித்து வளைத்து வைத்திருப்பார்கள், பல்லால் இழுத்தால் முதலில் கழன்று வரப்போவது பல்லாகத்தான் இருக்கும். பின்னை எடுத்ததும் குண்டு வெடித்துவிடுவதும் இல்லை. கைப்பிடிக்குள் அழுத்தியிருக்கும் நெம்புகோலை விட்ட பிறகே திரி பற்றுகிறது. அதிலிருந்து ஏறத்தாழ நான்கைந்து விநாடிகளில் வெடிக்கிறது. அப்போதும் படங்களில் வருவதைப் போன்ற செந்நிறத் தீப்பந்து எழாது. ஒரு முழக்கம், கொஞ்சம் புகை, நிறையப் புழுதி, கண்ணுக்குத் தெரியாமல் பாயும் உலோகச் சில்லுகள் என்பதோடு முடிந்துவிடும். அந்தத் தீப்பந்து, படப்பிடிப்புக்காகப் பெட்ரோலை எரித்து உண்டாக்கப்படுவது. நிமிடத்துக்கு 600 தோட்டாக்கள் பாயும் தானியங்கித் துப்பாக்கியின் விசையை விடாமல் அழுத்தினால் 30 தோட்டா கொண்ட மேகசின் மூன்றே விநாடிகளில் காலியாகிவிடும். நாயகனின் மேகசின் மட்டும் அட்சய பாத்திரம்.

சைலன்சரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ரைபிளின் வேட்டொலி 160 டெசிபெல் அளவை எட்டக்கூடியது. சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபெல் வரையே குறைக்கிறது. மிஞ்சுவதும் பலத்த ஓசைதான், பக்கத்து அறைக்கு மட்டுமன்றிப் பக்கத்துக் கட்டடத்துக்கும் கேட்கும். ஓசையைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்பத் தவறாக நின்றுவிடுவதில்லை என்பது என் கருத்து. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் பாதிப்புகளில் முதலிடத்தில் இருப்பது காலை இழந்ததோ கையை இழந்ததோ அல்ல, காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சல். மூடிய அறைக்குள் சரமாரியாகச் சுட்டுவிட்டு அடுத்த கணமே கிசுகிசுப்பாகப் பேசிக்கொள்ளும் நாயகர்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, பேரன் கூப்பிடுவது காதில் விழாமல் உட்கார்ந்திருக்கும் முதியவரின் காயம் காயமாகத் தெரிவதில்லை.

தோளில் குண்டு பாய்ந்தவர் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. தோள்பட்டையின் கீழே கைக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புக் கற்றையும் ஓடுகின்றன. அங்கே படும் ஒரு குண்டு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கலாம், அல்லது ஆயுள் முழுவதற்கும் கையைச் செயலிழக்கச் செய்யலாம்.

கேள்வி: மேலதிகாரியின் கட்டளையை மீறிச் சென்று வெற்றியுடன் திரும்பும் நாயகனுக்குக் கடைசியில் பதக்கம் குத்துகிறார்கள். உண்மையில் என்ன நடக்கும்? (ஒரு வங்கி ஊழியர்)

பதில்: ராணுவ நீதிமன்ற விசாரணை நடக்கும். அதைவிட முக்கியமாக, அவர் உயிருடன் திரும்புவதே ஐயம். பீரங்கிப் பிரிவினர் எங்கே குண்டு வீசலாம் என்பதைத் தம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறுகிறவரை முதலில் தாக்குவது தம் பக்கத்துக் குண்டாகவே இருக்கலாம்.

இதில் படங்கள் செய்யும் குழப்பம் ஒன்று உண்டு. சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படிவது எப்படிக் கடமையோ, அப்படியே கைதியைக் கொல், பொதுமக்களைச் சுடு என்பன போன்ற சட்டவிரோதக் கட்டளையை மறுப்பதும் கடமையாகும். ‘மேலிடத்து உத்தரவு’ என்று சொல்லிக் குற்றத்திலிருந்து தப்பிவிட முடியாது என்பதை இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த நியூரம்பெர்க் விசாரணை உறுதிப்படுத்தியது. திரை நாயகன் இதைத் தலைகீழாக்குகிறான். மீறக் கூடாத கட்டளையை மீறுகிறான்; மீறவே கூடாத சட்டத்தை மீறிக் கைதியைச் சித்திரவதை செய்து, படம் முடிவதற்குள் உண்மையையும் கறந்துவிடுகிறான்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2006 நவம்பரில், அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்ட்டின் கல்விப் பிரிவுத் தலைவர் பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னகன், அப்போது பெரும்புகழுடன் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர்களை நேரில் சந்தித்தார். நாயகன் செய்யும் சித்திரவதை ஒவ்வொரு முறையும் பலிப்பதாகக் காட்டுவதால், அது சட்டவிரோதம் என்று தம் மாணவர்களுக்குக் கற்பிப்பதே கடினமாகிவிட்டது என்பது அவருடைய முறையீடு. சீருடையில் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்த அவரைத் துணை நடிகர் என்று எண்ணிய ஊழியர்கள், அவருடைய காட்சி எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்களாம்.

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்தில் முன்னாள் படைவீரர் ஒருவரை மேலாளராக நியமிக்க எண்ணுகிறோம். திடீரென்று பழைய நினைவு வந்து வன்முறையில் இறங்கிவிடுவாரோ என்று என் பங்குதாரர் அஞ்சுகிறார். (ஒரு தொழில் முனைவோர்)

பதில்: உங்கள் பங்குதாரர் நிறையப் படம் பார்ப்பவர் போலும். திரைக்குப் படைவீரர்களில் இரண்டே வகைதான் தெரியும். ஒருவன் எதற்கும் அஞ்சாத மாவீரன். மற்றவன் வீடு திரும்பியபின் கதவு சாத்தும் ஓசைக்கே மூர்க்கனாகிவிடும் மனம் உடைந்தவன். இரண்டாவது வகைப் படங்களை உண்மைக்கு நெருக்கமானவை என்று விமரிசகர்கள் பாராட்டுவதுண்டு. என்னைக் கேட்டால், இரண்டும் ஒரே பொம்மைதான். முதலில் அதற்கு மாலை போடுகிறார்கள், பிறகு அதைக் கீழே போட்டு உடைக்கிறார்கள். திரும்பி வந்து, வேலை தேடி, கடன் அடைத்து, முழங்கால் வலியுடன் சாதாரணமாக வாழும் மிகப் பெரும்பான்மையினர் இரண்டிலும் இல்லை.

போரின் அதிர்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. முதல் உலகப் போரில், 1915-லேயே, ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரில் அதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற பெயருடன் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றது 1980-ல். தூக்கமின்மை, திடுக்கிடல், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல் ஆகியவை அதன் வழக்கமான அறிகுறிகள். விபத்திலும் வெள்ளத்திலும் தப்பியவர்களுக்கும் அது வருகிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. அது வந்தவர்களிலும் பெரும்பாலோர் பிறரைத் துன்புறுத்துவதில்லை, தமக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்கிறார்கள்.

ஆடி மர்ஃபியின் கதையை உங்கள் பங்குதாரருக்குச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் மிக அதிகமான விருதுகளைப் பெற்ற வீரர்களில் ஒருவர் அவர். உருவத்தில் சிறியவர் என்பதால் கடற்படைக் காலாட்பிரிவு அவரை முதலில் ஏற்கவில்லை. 1945 ஜனவரியில், 19 வயதில், எரிந்துகொண்டிருந்த கவச வாகனத்தின் மேல் நின்றபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியாளாக எதிரிகளைத் தடுத்து நிறுத்தினார். பத்தாண்டுகள் கழித்து, 1955-ல், தம் சொந்தக் கதையில் தாமே நாயகனாக நடித்தார். படம் பெருவெற்றி பெற்றது. அரங்குகளில் மக்கள் கைதட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அவர் கெட்ட கனவுகளால் உறக்கமின்றி, தலையணைக்கடியில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பின்னாளில் தூக்க மாத்திரைக்கு அடிமையானதை உணர்ந்து, விடுதி அறையொன்றில் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டு அதிலிருந்து மீண்டார். அடுத்த போர்களிலிருந்து திரும்பியவர்களுக்கு மனநல உதவி வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசவும் செய்தார். நடித்தவரே வாழ்ந்தவராக இருந்தும் அந்த இரவுகளுக்குத் திரையில் இடம் கிடைக்கவில்லை.

உங்கள் விண்ணப்பதாரரிடம் எத்தனை பேரை நிர்வகித்தார், எந்த இயந்திரங்களைப் பராமரித்தார் என்று கேளுங்கள். எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். நான் ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் அக்கேள்வியை ஒரு திருமண விருந்திலேயே எதிர்கொண்டேன்.

கேள்வி: இவ்வளவு தவறு இருந்தும் ராணுவங்களே படங்களுக்கு உதவுகின்றனவே? (ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர்)

பதில்: உதவுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. முதலாவது ஆஸ்கர் விழாவில் சிறந்த படமாகத் தேர்வான 1927-ஆம் ஆண்டுப் படத்துக்கே அமெரிக்க ராணுவம் விமானங்களையும் வீரர்களையும் தந்தது. கப்பலும் போர் விமானமும் வேண்டுமென்றால் கதையைப் படிக்கக் கொடுக்க வேண்டும், அவர்கள் சொல்லும் திருத்தங்களுக்கும் இணங்க வேண்டும். இல்லையேல் உதவி கிடைக்காது. அதே ராணுவம் 2002-ல் தானே ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டு, 20 ஆண்டுகள் இலவசமாக நடத்தியது. ஆள் சேர்ப்பதே அதன் நோக்கம். இதைச் சதி என்று நான் சொல்லமாட்டேன், விளம்பரம் என்பேன். பற்பசை விளம்பரத்தில் பல்வலி வருமா?

கேள்வி: அப்படியானால் எல்லாக் கணினி விளையாட்டுகளும் தீங்கானவையா? (ஒன்பதாம் வகுப்பு மாணவரின் தாய்)

பதில்: இல்லை. 2017-ல் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஆலோசனையுடன் ‘ஆர்மா 3’ என்ற விளையாட்டுக்குப் போர்ச் சட்டங்களைப் பற்றிய ஒரு பகுதி வெளிவந்தது. அதில் ஆடுபவர் போர் ஓய்ந்த ஊரில் கண்ணிவெடி அகற்றும் மனிதர். உங்கள் மகன் ஆடட்டும், பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

கேள்வி: ஒரு படத்தைப் பார்த்துத்தான் படையில் சேரும் ஆசை எனக்கு வந்தது. இது தவறான காரணமா? (ஒரு இளம்பெண், வயது 19)

பதில்: தவறில்லை அம்மா, நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். விண்ணப்பிக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். விருது பெற்ற தளபதிகளை விட்டுவிட்டு, மூன்றாண்டுப் பணி முடித்து விடுப்பில் வந்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசியாகப் பணியிலிருந்த நாளில் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கிடங்கில் போர்வைகளை எண்ணினேன், கணக்கில் இரண்டு குறைந்தது, மறுபடியும் எண்ணினேன் என்று அவர் சொல்லக்கூடும். அதைக் கேட்ட பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், விண்ணப்பப் படிவத்தை நிரப்புங்கள்.