அந்த ஒன்றரை ஏக்கர் மூன்றாகப் பிரியாது

பினாங்கு மாநிலம் நிபோங் தெபால் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் விவசாய நிலம் அண்ணன், இவர், தங்கை என மூவர் பெயரிலும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காகக் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்னால் அண்ணன் அதில் வரிசையாக ஆறு அறை கட்டி, பத்து காவான் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்கு வாடகைக்கு விட்டார். முதல் இரண்டு வருடம் தங்கைகள் இருவருக்கும் மாதம் 200 ரிங்கிட் பேங்கில் போட்டார், அப்புறம் நிறுத்திவிட்டார். நிலத்தை மூன்றாகப் பிரிக்க மூவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பத்தை ஊராட்சி மன்றம் நிராகரித்துவிட்டது. கடிதம் கைக்கு வந்து 3 வாரம் ஆகிறது. இதற்கிடையில் சாலையோர மூலையை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஒருவர் இவரிடம் 10,000 ரிங்கிட் முன்பணம் கொடுத்திருக்கிறார். மன்றத்தின் மேல் வழக்குப் போடலாமா, அண்ணனிடம் வாடகைப் பாக்கியைக் கேட்கலாமா, அனுமதி இல்லாமல் கட்டியதைப் புகார் செய்யலாமா? இவைதான் கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் நாலு பக்கம் அண்ணி பேசிய பேச்சு, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் பார்த்துக்கொண்டது, பக்கத்து நிலத்துக்காரருக்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது என்பதைப் பற்றியே இருக்கிறது. மனசு நொந்துதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த நாலு பக்கத்தில் வழக்குக்கு உதவும் வரி ஒன்றுகூட இல்லை. உதவுவது நீங்கள் இணைத்த கிராண்ட் நகலில் இருக்கிறது: பரப்பு 0.607 ஹெக்டேர், வகை விவசாயம்.

விவசாய நிலத்தைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்குக் குறையக்கூடாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 136ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது 0.4 ஹெக்டேர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். மூன்றாகப் பிரிக்க 1.2 ஹெக்டேர் வேண்டும். இரண்டாகப் பிரிக்கவே 0.8 வேண்டும். உங்களிடம் 0.6தான் இருக்கிறது. நீங்கள் ‘பெச்சா செம்பாடான்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது உரிமையாளர் மாறாமல் நிலத்தைத் துண்டாக்குவது; கூட்டு உரிமையாளர்கள் ஆளுக்கொரு கிராண்டாகப் பிரித்துக்கொள்வது ‘பெச்சா பஹாகியான்’. பெயர் மாறினாலும் அளவு விதி மாறாது. பக்கத்து நிலம் பெரியதாக இருக்கலாம், கட்டட வகைக்கு மாறியதாக இருக்கலாம். நிலப் பணிமனையில் ஒரு தேடல், அதாவது அந்த நிலத்தின் பதிவு விவரம், எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தாலும் உங்கள் நிலம் வளராது.

மேல்முறையீட்டுக்கு உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 23ஆம் பிரிவு, முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதம் தருகிறது. அந்த வாரம் போனால் போகட்டும் என்பதே என் ஆலோசனை. மேல்முறையீட்டு வாரியத்தால் 0.4 ஹெக்டேர் விதியைத் தளர்த்த முடியாது. அதோடு, மன்றம் தன் தரப்பைச் சொல்லும்போது நிலத்தின் இப்போதைய நிலையையும் படத்தோடு வைக்கலாம். அண்ணன் கட்டிய ஆறு அறையும் அன்றைக்கு அதிகாரபூர்வப் பதிவாகிவிடும்.

நில வகையையே கட்டடத்துக்கு மாற்றலாம், உண்மைதான். ஆனால் அதற்கு உள்ளூர்த் திட்டத்தில் அந்த இடம் குடியிருப்புப் பகுதியாக இருக்க வேண்டும், மாநில அரசுக்குப் பிரிமியம் (வகை மாற்றக் கட்டணம்) கட்ட வேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் சாலை வழி விட வேண்டும், எல்லாவற்றிலும் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனோடு பேச்சே இல்லை என்று எழுதுகிறவருக்கு இந்த வழி எதற்கு?

சரி, எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் கேட்காத விஷயம். அந்த 200 ரிங்கிட்.

திட்ட அனுமதி இல்லாமல் நிலத்தை மேம்படுத்தியவர் மட்டும் குற்றவாளி இல்லை. அதை அனுமதித்தவரும் குற்றவாளி என்று அதே திட்டமிடல் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் மேலும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் ஏறலாம். நீங்கள் செங்கல் எடுத்து வைக்கவில்லை. ஆனால் நிலத்தின் கூட்டு உரிமையாளர், அந்த அறைகளின் வாடகையில் இரண்டு வருடம் பங்கு வாங்கியவர். ‘எனக்குத் தெரியாது, என் சம்மதம் இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு மிச்சம் இருக்கும் இடமே குறுகியது. இந்த நேரத்தில் வழக்கறிஞரை வைத்து வாடகைப் பாக்கி கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பினால், அந்தக் கட்டடத்தை ஏற்றுக்கொண்டதற்கான சான்றை நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும்.

இதே வேலையைச் செய்த ஒரு குடும்பம் என்னிடம் வந்திருக்கிறது. நான்கு பேர் பெயரில் நிலம். தம்பி கட்டிய கடைகளுக்கு மற்ற மூவரும் வாடகைப் பங்கு கேட்டு, வழக்கும் போட்டு, கணக்கெல்லாம் மனுவில் மாதவாரியாக எழுதிவிட்டார்கள். அதற்கு அடுத்த வருடம் மன்றம் நடவடிக்கை எடுத்தபோது மூவரும் ‘எங்களுக்குத் தெரியாது’ என்றார்கள். அவர்களுடைய மனுவே அவர்களுக்கு எதிராக மேசைமேல் வந்தது.

புகார் செய்யும் யோசனையும் அப்படித்தான். அண்ணனுக்குப் பாடம் கற்பிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். மன்றத்திலிருந்து வரும் நோட்டீஸ் அண்ணன் பெயருக்கு மட்டும் வராது, கிராண்டில் உள்ள மூவர் பெயருக்கும் வரும். நிலப் பணிமனை பக்கம் இன்னும் மோசம். விவசாய நிலத்தில் வாடகை அறை கட்டுவது நில நிபந்தனை மீறல். சரிசெய்யச் சொல்லி போராங் 7ஏ என்ற நோட்டீஸ் படிவம் வரும். சரிசெய்யாவிட்டால் நிலத்தையே அரசு பறிமுதல் செய்ய வழி இருக்கிறது. பறிபோவது அண்ணனின் பங்கு மட்டும் இல்லை, உங்கள் அப்பாவின் ஒன்றரை ஏக்கரும்தான்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றும் சொல்லமாட்டேன். தொழிலாளர் தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும் என்ற விதி 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளி தரப்பில் ஒரு சோதனை வந்தாலும் அந்த அறைகள் வெளியே வரும். அதைவிட, பிளான் இல்லாத கட்டடத்தில் யாரோ இழுத்த ஒயரின் கீழே அத்தனை பேர் தூங்குகிறார்கள். ஒரு தீ விபத்து நடந்தால் நாம் இங்கே பேசுகிற சட்டப் பிரிவெல்லாம் சின்ன விஷயம். ஆகவே அண்ணனுக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்தக் கட்டடத்துக்கு உங்கள் சம்மதம் இல்லை, அனுமதி வாங்க வேண்டும் அல்லது ஆட்களை முறைப்படி காலி செய்து எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் இருக்கட்டும். பணம் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம்.

அடுத்து அந்த 10,000 ரிங்கிட். இதைத் திருப்பிக் கொடுங்கள், இந்த வாரமே. நீங்கள் அவருக்கு எழுதிக் கொடுத்த தாளைப் படித்தேன். ‘சாலையோர மூலை, கால் ஏக்கர், கிராண்ட் பிரிந்ததும் பெயர் மாற்றித் தரப்படும்’ என்று இருக்கிறது. கிராண்ட் பிரியாது என்பதை மேலே பார்த்தோம். நிலத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பெயர் மாற்ற நிலச் சட்டத்தில் இடமே இல்லை. உங்களுக்குச் சொந்தம் மூன்றில் ஒரு பங்கு. அந்த மூலை உங்களுடையது என்று எந்தப் பதிவும் சொல்லவில்லை. அண்ணன் நாளைக்கே அங்கே வாழை நட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

‘லொட் லிடி’ என்று மலாய்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விவசாய நிலத்தைக் காகிதத்தில் கோடு கிழித்து, கலர் அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காக விற்பது. வாங்கியவருக்கு வீடு கட்ட அனுமதி கிடைக்காது; ஒரு பங்காளி செத்துப்போனாலும் அடுத்த காரியத்துக்கு அவருடைய வாரிசுகளைத் தேட வேண்டும். லாரி ஓட்டிச் சேர்த்த காசு முழுவதையும் அப்படிப் போட்ட ஒருவர், தன் வீட்டு வரைபடம் என்று ஒரு படத்தை மடித்து என் மேசைமேல் வைத்தார். அந்தப் படத்தில் இருந்த மனை எந்தக் கிராண்டிலும் இல்லை. நீங்கள் அறியாமல் செய்தாலும், அந்த மனிதருக்கு நீங்கள் விற்பது அதையேதான்.

ஒப்பந்தம் நிறைவேறாவிட்டால் அவர் உங்கள் பங்கின் மேல் தனியார் கவியட், அதாவது பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவு, போட முயலலாம். பதிவானால், எடுக்க வைக்காதவரை அது 6 வருடம் வரை உட்காரும். அப்போது அண்ணனே வாங்க வந்தாலும் உங்களால் விற்க முடியாது. பணத்தை பேங்க் வழியாகத் திருப்பிக் கொடுத்து, ஒப்பந்தம் ரத்து, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அண்ணனிடம் உங்கள் பங்கை விற்றுவிட்டு வெளியே வாருங்கள். வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்த நிலத்தில் உங்கள் பங்கு யாருக்காவது பயன்படும் என்றால் அது அங்கே ஏற்கனவே உட்கார்ந்திருப்பவருக்குத்தான். தங்கையும் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து விற்பது இன்னும் நல்லது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து மதிப்புப் போடுங்கள். மொத்த மதிப்பை மூன்றால் வகுத்த தொகை அப்படியே வராது. பிரிக்க முடியாத பங்குக்குச் சந்தையில் விலை குறைவு. வாடகைக் கோபத்தை இந்தப் பேரத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘நாம் ஒரே ரத்தம், இப்போது போராங் 14ஏ பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போடு, பணத்தை மாதாமாதம் தருகிறேன்’ என்று அண்ணன் சொல்லக்கூடும். அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் மாதத்திலிருந்து பணம் வராமல் வந்து நின்ற அக்காமார்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் மாறிவிட்ட பிறகு உங்கள் கையில் இருப்பது ஒரு கடன் பாக்கி மட்டும்தான். முழுத் தொகையும் வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கில் வந்து சேராமல் அந்தப் போராங் வெளியே போகக்கூடாது. முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த ‘அன்பளிப்பு என்று எழுதிக்கொள்ளலாம்’ என்பார்கள். கணவன் மனைவிக்கும், பெற்றோர் பிள்ளைகளுக்கும் இருக்கும் அந்தச் சலுகை அண்ணன் தங்கைக்கு இல்லை. மேலும், அன்பளிப்பு என்று எழுதியபின் மீதிப் பணத்தை எந்த உரிமையில் கேட்பீர்கள்?

அண்ணன் எதற்கும் இறங்கி வராவிட்டால் தேசிய நிலச் சட்டத்தின் 145ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போய், கூட்டு உரிமையை முடித்து நிலத்தை விற்க உத்தரவு கேட்கலாம். வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். செலவு உண்டு, காலம் உண்டு, கட்டாய விற்பனையில் விலையும் அடிபடும், அந்த ஆறு அறையும் நீதிமன்றக் கோப்பில் ஏறும். அண்ணனுக்கும் இது தெரிந்தால் பேச வருவார். பேசப் போகும்போது மூத்த உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணி பேசிய பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

உங்கள் வழக்கறிஞரிடம் போகும்போது நிராகரிப்புக் கடிதம், புதிதாக எடுத்த அதிகாரபூர்வத் தேடல், அந்த 200 ரிங்கிட் வந்த இரண்டு வருட பேங்க் கணக்கு மூன்றையும் கொண்டுபோங்கள். கிராண்டில் விற்பனைக்குத் தடை ஏதும் எழுதியிருக்கிறதா என்று தேடலில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மாநில அரசின் சம்மதம் வாங்கிய பிறகுதான் விற்க முடியும். பேங்க் கணக்கை மறைக்க வேண்டாம். அவருக்கு அது முதல் நாளே தெரிந்தாக வேண்டும்.