படபடப்பு வந்தால் எழும்பி ஓடுவதா, இருந்து பார்ப்பதா?

வாசகர் கேள்வி – உளநலப் பிரிவினரின் பதில்

கேள்வி: வயது 34. நாலு மாதத்துக்கு முந்தி வங்கியில வரிசையில நிக்கேக்க திடீரெண்டு நெஞ்சு அடிக்கத் தொடங்கினது. கைவிரல் விறைச்சு, மூச்சு முட்டி, இதோட நான் சரி எண்டு நினைச்சிட்டன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சினம். ஈசிஜி நல்லம் எண்டு அனுப்பிட்டினம். பிறகும் மூண்டு தரம் வந்திட்டுது. இப்ப வங்கிக்கும் போறதில்லை, பஸ்ஸும் ஏறுறதில்லை. அம்மாவும் தண்ணிப்போத்தலும் இல்லாமல் வெளிக்கிடுறதே இல்லை. டொக்டர் "ஒண்டும் இல்லை, யோசிக்காதேங்கோ" எண்டு சொல்லுறார். ஒண்டும் இல்லையெண்டால் இது என்ன?
– உவர்மலை வாசகி

பதில்: "ஒன்றும் இல்லை" என்றது உங்கள் இதயத்தைப் பற்றி. உங்களுக்கு வந்ததற்குப் பெயர் உண்டு: பீதித் தாக்கம், பானிக் அட்டாக் என்று பலரும் சொல்வது. கள்ளனைக் கண்டு குரைக்க வேண்டிய நாய் பேப்பர்காரனைக் கண்டும் குரைத்தால் நாய்க்கு வருத்தம் என்று சொல்ல மாட்டோம், ஆளை மாறிப் பிடித்துவிட்டது என்போம். உங்கள் உடம்பும் அப்படித்தான், ஆபத்து இல்லாத இடத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு விரைவாகும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட் குறைகிறது. விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும்.

வருத்தம் வேரோடுவது அதற்குப் பிறகுதான். படபடப்பை "மாரடைப்பு" என்று மனம் வாசிக்கிறது, அந்தப் பயம் படபடப்பைக் கூட்டுகிறது, கூடிய படபடப்பு பயத்தை உறுதி செய்கிறது. இந்தச் சுற்றை டேவிட் கிளார்க் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1986இல் தெளிவாக எழுதிவைத்தார். இன்றைய சிகிச்சையின் பெரும்பகுதி அதன்மேல்தான் நிற்கிறது. உங்கள் கடிதத்தில் எங்கள் கண்ணில் பட்டது அந்தத் தண்ணிப்போத்தல். போத்தலோடு போய்ப் பத்திரமாக வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும் உங்கள் மனம் படிக்கும் பாடம் "பயப்பட ஏதும் இருக்கவில்லை" என்பதல்ல, "போத்தல் இருந்ததால் தப்பினேன்" என்பது. அம்மாவும் அப்படித்தான், அவருக்குத் தெரியாமலே.

முதலில் உடம்பைச் சரிபார்த்து முடியுங்கள். ஈசிஜி மட்டும் போதாது. தைரொய்ட்டுக்கான டீஎஸ்எச், ஹீமோகுளோபின், சீனி மூன்றையும் ஒரு தடவை பாருங்கள். தைரொய்ட் கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். எல்லாம் சரியென்று வந்தபின் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது. நாலாவது ஈசிஜியும் ஒரு தண்ணிப்போத்தல்தான்.

சிகிச்சை அறையில் நடப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். ஒடுங்கிய குழாயால் ஒரு நிமிடம் மூச்சு விடுவது, சுழல் கதிரையில் ஒரு நிமிடம் சுற்றுவது, நின்ற இடத்தில் ஓடுவது. பிறகு கேட்பார்கள்: "வங்கியில் வந்தது போல எவ்வளவு?" பலர் "அச்சொட்டாக அதுதான்" என்பார்கள். செத்துப்போவது போல இருந்த உணர்வை ஒரு குழாயால் உண்டாக்கலாம் என்றால் அது மாரடைப்பாக இருக்க முடியாது என்று உடம்பே கண்டுகொள்கிறது. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டர் சொல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

அடுத்தது வெளியே. முதல் கிழமை அம்மா பஸ்ஸில் பின் ஆசனத்தில், நீங்கள் முன்னால், இரண்டு தரிப்பிடம். அடுத்த கிழமை அம்மா வீட்டில், போத்தல் மட்டும் கையில். பிறகு போத்தலும் வீட்டில். அதன்பின் வங்கி, ஆள் குறைந்த நேரம், வேலை ஏதும் இல்லாமல் சும்மா வரிசையில். ஒவ்வொரு படியையும் கிழமையில் நாலைந்து தரம் செய்ய வேண்டும். அனேகம் பேர் வழுக்குவது ஒரே இடத்தில்: பயம் உச்சத்தில் நிற்கும்போது இறங்கி ஓட்டோ பிடித்துவிடுவார்கள். அப்போது "ஓடியதால் தப்பினேன்" என்ற பாடம் முன்னையதைவிட ஆழமாகப் பதியும். இறங்கத்தான் வேண்டுமென்றால் தரிப்பிடத்தில் சிறிது நேரம் நின்று அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.

மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடும் மூச்சுப் பயிற்சி நல்லது. காலையும் மாலையும் ஐந்து நிமிடம் செய்யுங்கள். ஆனால் "இதைச் செய்யாவிட்டால் மயங்கி விழுவேன்" என்று பஸ்ஸில் செய்யத் தொடங்கினால், அதுவும் தண்ணிப்போத்தல்தான்.

ஒன்று மட்டும் விலக்கு. நெஞ்சை அமுக்கும் வலி 15 நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிர் வேர்வையோடு வந்தாலோ, பீதிதான் என்று வீட்டில் இருக்க வேண்டாம். இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழையுங்கள். முன்பு பீதித் தாக்கம் வந்தவர் என்பதால் இதய நோய் வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: அவர் கத்தாரில் வேலை. போன் எடுக்காவிட்டால் எனக்கு ஈரக்குலை நடுங்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கோல் எடுப்பேன். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரப் பிந்தினாலும் அதேதான். இரவில் நித்திரை இல்லை, பிடரி இறுகிக் கிடக்கும், சின்ன விசயத்துக்கும் கோபம். ஒரு வருசமாக இப்படி. உம்மா ஓதித் தண்ணி தந்தா. இது வருத்தமா, என்ட சுபாவமா?
– கிண்ணியா சகோதரி

பதில்: கவலை எல்லோருக்கும் வரும். ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், ஒன்று போக ஒன்றாக அடக்க முடியாமல் கவலை வந்து, அதோடு அமைதியின்மை, களைப்பு, கவனம் சிதறல், எரிச்சல், தசை இறுக்கம், நித்திரைக் குழப்பம் ஆகிய ஆறில் குறைந்தது மூன்று இருந்து, வீட்டு வேலையோ வெளி வேலையோ பாதிக்கப்பட்டால், அதைப் பொதுப் பதகளிப்பு என்கிறோம். நீங்கள் எழுதியதிலேயே மூன்று இருக்கிறது. கிளினிக்கில் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் தருவார்கள். கடந்த இரண்டு கிழமையைப் பற்றியது, ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. 21இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சரியாக விசாரிக்க வேண்டும் என்று பொருள். புள்ளி மட்டும் நோயைத் தீர்மானிக்காது.

அந்தப் பன்னிரண்டு கோலில் தொடங்குவோம். அவர் எடுத்து "நான் சுகம்" என்றதும் நெஞ்சு ஆறுகிறது, அரை மணியில் திரும்ப எரிகிறது. ஆறுதல் குறுகிக்கொண்டே போவதால் கோல் கூடிக்கொண்டே போகிறது. கத்தார் நேரம் எங்களைவிட இரண்டரை மணி பின்னால். நீங்கள் பகல் 12.30க்கு எடுக்கும்போது அங்கே காலை 10 மணி, மனுசன் வேலையில் நிற்பார், எடுக்க முடியாது. இருவரும் பேசி ஒரு நேரத்தை வையுங்கள்: இரவு 9 மணி, அங்கே 6.30. முதல் கிழமை பன்னிரண்டை எட்டாக்குங்கள், அடுத்தது ஐந்து, பிறகு அந்த ஒன்று. ஒரேயடியாக நிறுத்தப் போனால் மூன்றாம் நாள் இருபதாகிவிடும்.

அதோடு கவலைக்கென்று ஒரு நேரம். அசர் தொழுகைக்குப் பிறகு 20 நிமிடம், எப்போதும் ஒரே கதிரை. படுக்கையில் வேண்டாம், நித்திரைக்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள்ளும் வேண்டாம். மற்ற நேரத்தில் வரும் கவலையைக் கொப்பியில் ஒரு வரியாக எழுதி அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். இருக்கும்போது இரண்டாகப் பிரியுங்கள். கையால் ஏதாவது செய்யக்கூடியது: "பள்ளிக்கூட வான்காரரின் நம்பர் என்னிடம் இல்லை". அதை நாளைக்கே வாங்கலாம். செய்ய ஒன்றும் இல்லாதது: "அவருக்கு அங்கே ஏதும் நடந்தால்". இதற்குப் பதில் தேட வேண்டாம், எழுதி, வாசித்து, அப்படியே விடுங்கள். நேரம் முடிந்ததும் எழும்பி ஒரு வேலையில் கை வையுங்கள். இரண்டு கிழமை கழித்துப் பழைய பக்கங்களைப் புரட்டி, எழுதியதில் எத்தனை நடந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

உம்மா தந்த தண்ணியைக் குடியுங்கள், தாயின் கை. அதை நம்பிக் கிளினிக் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: தேத்தண்ணியால் பதகளிப்பு வருமா? நான் ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை.
– தம்பலகாமம் வாசகர்

பதில்: அதிகம் குடித்தால் வரலாம், இருப்பதையும் கிளறும். ஒரு கோப்பையில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் கபேன் என்ற ஊக்கப் பொருள் இருக்கிறது. எட்டு என்றால் 400ஐ எட்டுகிறீர்கள், வளர்ந்தவருக்கு மேல் எல்லை அதுதான். இரண்டு நாளுக்கு ஒரு கோப்பையாகக் குறையுங்கள். திடீரென்று விட்டால் தலையிடி வரும், அதற்கும் பயப்படுவீர்கள்.

கேள்வி: 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று எனக்குப் பதினைந்து வயது. உயிர் தப்பினேன். அதற்குப் பிறகு கடல் பக்கம் போனதில்லை, வேலைக்கும் கடல் தெரியாத வீதியால்தான் போவேன். இப்போது மகள் கடலுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அழுகிறாள்.
– சல்லி வாசகர்

பதில்: முதலில் ஒரு கேள்வி. அந்தக் காலை இப்போதும் கனவில் வருகிறதா? பகலில் திடீரென்று அந்த இடத்திலேயே நிற்பது போல ஆகிறதா? ஆம் என்றால் இது வெறும் கடற்பயம் அல்ல, பேரதிர்ச்சியின் பின்விளைவு. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் கூட இல்லாமல் கீழே சொல்வதைத் தொடங்க வேண்டாம்.

இல்லை என்றால், கொப்பியில் ஓர் ஏணி கீறுங்கள். சும்மா இருக்கும் அமைதி 0, தாங்கவே முடியாத பயம் 100. கைப்பேசியில் நிலாவெளிக் கடலின் படம் பார்ப்பது உங்களுக்கு 20 ஆகலாம். தண்ணீர் அடங்கிக் கிடக்கும் உட்துறைமுக வீதியில் நடப்பது 35. டச்பே கடற்கரையில் வீதியோரம் இருந்து அரை மணி நேரம் கடலைப் பார்ப்பது 50. மணலில், கரையைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் அலைச் சத்தத்தோடு நிற்பது சிலருக்கு முகம் கொடுத்து நிற்பதைவிடக் கடினம், 70 போடுவார்கள். மகளின் கையைப் பிடித்துக் கணுக்கால் தண்ணீர், 85. எண்கள் உங்களுடையவை, எங்கள் கணக்கைப் பிரதி எடுக்காதீர்கள்.

ஒரு படியில் பயம் ஏறத்தாழப் பாதியாகும்வரை நில்லுங்கள். அடுத்த நாளும் அதே படி. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 30க்குக் கீழே தொடங்கினால் மேலே ஏறலாம். காலத்தையும் பாருங்கள். வாடைக்காலத்தில், நவம்பர் முதல் பெப்ரவரி வரை, எங்கள் திருகோணமலைக் கடல் உண்மையாகவே கொந்தளிக்கும். அப்போது பயப்படுவது புத்தி. சித்திரைக்குப் பிறகு தொடங்குங்கள். அனர்த்த எச்சரிக்கைக்கு 117 என்ற இலக்கத்தைக் கைப்பேசியில் ஒரு தரம் பதிந்து வையுங்கள், போதும். ஒவ்வொரு முறையும் போக முன் நிலநடுக்கச் செய்தி தேடினால் ஏணியில் ஏறவே மாட்டீர்கள்.

கேள்வி: பாமசியில் டொக்டரின் பழைய மருந்துத் துண்டைக் காட்டி டயசிபாம் 5 மில்லிகிராம் குளிசை வாங்கி, இரண்டு வருசமாக இரவில் போடுகிறேன். இப்போது அது இல்லாமல் கை நடுங்குது. நாளைக்கே விட்டுவிடவா?
– கந்தளாய் வாசகர்

பதில்: வேண்டாம். நாட்பட்டுப் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். பதற்றத்தை அடக்கும் இந்தக் குளிசை இரண்டு முதல் நாலு கிழமைக்கு மேல் போடுவதற்கானது அல்ல. டொக்டரின் மேற்பார்வையில், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, போடும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் மெதுவாக இறக்குவார்கள். பதகளிப்புக்கு நீண்ட காலத்துக்குத் தருவது செர்ட்ரலின், எசிட்டலோபிராம் போன்றவை. அவை பலன் காட்ட இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும், முதல் கிழமையில் பதற்றத்தைச் சற்றுக் கூட்டவும் செய்யலாம். இதைச் சொல்லாமல் கொடுத்தால் சிலர் சில நாளிலேயே குளிசையை வீசிவிடுவார்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

கேள்வி: உளநலக் கிளினிக்குக்குப் போனால் ஊர் பைத்தியம் எண்டு சொல்லும். அங்க போய்க் கதைக்கிறதால வருத்தம் மாறுமோ?
– மூதூர் வாசகி

பதில்: ஊர் சொல்லும், பொய் சொல்ல மாட்டோம். கிளினிக் நாளில் தெரிந்தவரைக் காண நேர்ந்தால், அவரும் அதே கதிரையில்தான் இருப்பார் என்பதை மறவாதீர்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போக மனம் வராவிட்டால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அங்கே தொடங்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். உளநல உதவி இலக்கமான 1926க்கு உடனே எடுங்கள், அல்லது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெறுமனே கதைத்தால் மாறுமோ என்று நீங்கள் சந்தேகப்படுவது சரி, அதனால் மட்டும் மாறாது. பதகளிப்புக்கான சிகிச்சை கிழமைக்கு ஒரு தரம், 45 முதல் 60 நிமிடம், 12 முதல் 16 அமர்வு அளவில் முடியும். முதல் நாள் முழுக்கக் கேள்விதான்: எப்போது தொடங்கியது, எதைத் தவிர்க்கிறீர்கள், தவிர்க்க என்னென்ன செய்கிறீர்கள். போடும் குளிசைகளையும் பழைய ரிப்போட்டுகளையும் கொண்டுபோங்கள். இரண்டாம் நாளிலிருந்து வீட்டுவேலை தருவார்கள், மாற்றம் வருவது அதில்தான். நாலு அமர்வு போயும் "தைரியமாக இருங்கோ" என்ற புத்திமதியோடு அனுப்பினால், அடுத்த தரம் எழும்ப முன் கேளுங்கள்: "எனக்கு வாற கிழமைக்கு என்ன வேலை?"