கான்கிரீட் மிதக்குமா?

அன்புள்ள ஐயா,

நியூஸ்பிரிண்ட் என்ற செய்தித்தாள் காகிதம் பற்றிய உங்கள் கட்டுரையில் கனடாவின் பவல் ரிவர் காகித ஆலையை ஒரு பத்தியில் தொட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். நாங்கள் இருப்பது வான்கூவர் பக்கம். விடுமுறைக்கு இரண்டு ஃபெர்ரி மாறி அங்கே போய்வந்தோம். ஆலை மூடிக் கிடக்கிறது. அதற்கு எதிரே கடலில் சாம்பல் நிறத்தில் பழைய கப்பல்கள் நிற்கின்றன. எல்லாம் கான்கிரீட் என்றார்கள். என் மகனுக்கு எட்டு வயது. கான்கிரீட் எப்படி மிதக்கும், பொய் சொல்கிறார்கள் என்று வீடு வந்து சேரும்வரை ஒரே சண்டை. உண்மைதானா? ஆலை வாசலில் கப்பலுக்கு என்ன வேலை?

இன்னொன்று. ஆலை வருவதற்கு முன் அங்கே இருந்தது "வெறும் காடு" என்று எழுதியிருந்தீர்கள். அது ட்லாமின் என்ற பூர்வகுடி மக்களின் ஊர் என்று அங்கே சொல்கிறார்கள். ஆலை மூடியதற்கு வருத்தப்படுவதா வேண்டாமா என்றே எனக்குக் குழப்பமாகிவிட்டது.

எஸ்., சர்ரே

அன்புள்ள எஸ்.,

முதலில் மகனுக்கு. வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூனைப் போடச் சொல்லுங்கள், மூழ்கும். அதே எவர்சில்வரில் செய்த கிண்ணத்தை வையுங்கள், மிதக்கும். கான்கிரீட்டும் அப்படித்தான். உள்ளே கம்பி கட்டி, நடுவைக் குடைவாக விட்டு வார்த்தால், தன் எடை அளவுக்குத் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு மிதக்கும். இரண்டு உலகப் போர்களின்போதும் எஃகுத் தட்டுப்பாடு வந்ததால் அமெரிக்கா இப்படிக் கப்பல் கட்டிப் பார்த்தது. சுவர் தடிமனானதால் சரக்குக்கு இடம் குறைந்தது, எதிலாவது இடித்தால் விரிசலும் விட்டது. கப்பலாகப் பெரிய வெற்றி இல்லை.

ஆனால் நங்கூரமிட்டு ஒரே இடத்தில் நிறுத்திவைப்பதற்கு அதைவிடத் தோதான பொருள் கிடையாது. ஆலைக்கு வேண்டிய மரத்தடிகளைத் தெப்பமாகக் கட்டிக் கடல் வழியே இழுத்துவந்து, ஆலை முன்னால் தண்ணீரிலேயே மிதக்கவிடுவார்கள். மலஸ்பினா நீரிணையில் புயல் அடித்தால் தெப்பம் சிதறிவிடும். அதற்குத்தான் கப்பலால் ஓர் அலைத்தடுப்பு. 1930களில் அந்த வேலையைச் செய்தவை அமெரிக்கக் கடற்படை கழித்துக்கட்டிய சார்ல்ஸ்டன், ஹியூரான் என்ற போர்க்கப்பல்கள். ஹியூரான் 1961-ல் அங்கேயே மூழ்கியது. கான்கிரீட் கப்பல்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவை. அவற்றின் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஜான் ஸ்மீட்டன், எல். ஜே. விக்கா, ஹென்றி லெ ஷட்டெலியே. எல்லோரும் சிமெண்ட் ஆராய்ச்சியின் முன்னோடிகள். சிமெண்டால் கட்டிய கப்பலுக்கு சிமெண்ட் ஆட்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! கூட்டத்தில் மூத்தது பெரால்டா, 1921-ல் எண்ணெய்க் கப்பலாகக் கட்டியது. இன்னொன்றை, ஒய்.ஓ.ஜி.என். 82 என்பதை, 2018-ல் வேண்டுமென்றே மூழ்கடித்து மீன்களுக்குப் பாறைத்திட்டு ஆக்கிவிட்டார்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. "வெறும் காடு" என்று எழுதியது என் பிழை. கம்பெனி சொல்லிவந்த கதையை அப்படியே வாங்கிக்கொண்டேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநில மரவியாபாரிகளான புரூக்ஸும் ஸ்கேன்லனும் வந்தார்கள், அணை கட்டினார்கள், 1912-ல் மேற்குக் கனடாவின் முதல் நியூஸ்பிரிண்ட் சுருள் வெளியே வந்தது. ஒரு காலத்தில் உலகில் இருபத்தைந்து செய்தித்தாள்களில் ஒன்று பவல் ரிவர் காகிதத்தில் அச்சானது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அணை எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த நாளில் நியூஸ்பிரிண்ட் செய்தது நம் வீட்டில் மாவாட்டுவது மாதிரிதான். ஹெம்லாக், ஸ்ப்ரூஸ் மரத்துண்டுகளைச் சுழலும் கல்லில் அழுத்தி, தண்ணீர் விட்டு விட்டு அரைப்பார்கள். ரசாயனத்தில் வேகவைத்த கூழ் இதில் கொஞ்சம்தான் சேரும். அதனால் லிக்னின் என்ற, மரநாரைப் பிணைக்கும் பொருள் காகிதத்திலேயே தங்கிவிடுகிறது. பரண்மேல் போட்ட பழைய பேப்பர் மஞ்சளாகிப் பொடிவது இதனால்தான். மரத்தை அரைக்க ஏராளமான சக்தி வேண்டும். அது எங்கிருந்து வரும்? அரை கிலோமீட்டர்கூட ஓடாமல் ஏரியிலிருந்து கடலில் விழும் அந்தக் குட்டி ஆற்றிலிருந்து. ஆற்றின் வாயில்தான் டீஸ்க்வாட் என்ற ட்லாமின் கிராமம் இருந்தது. 1870களிலேயே நிலம் மரவியாபாரத்துக்கென்று தனியார் கைக்குப் போயிருந்தது. அணை வந்ததும் சால்மன் மீன் ஏற வழியில்லை, ஊரும் இல்லை. அரைக்கும் கல்லைப் பற்றி அரைப்பக்கம் எழுதியவன் இதையும் பார்த்திருக்க வேண்டும். பழைய கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.

ஊரின் பெயரே ஒரு பிரச்சினை. ஊர்ப்பெயரில் இருக்கும் இஸ்ரேல் பவல் என்பவர் அந்த ஊர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பூர்வகுடிகளைக் கண்காணித்த அரசு அதிகாரி. அவர்களின் சடங்குகளைத் தடை செய்வதற்கும் பிள்ளைகளைப் பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைப்பதற்கும் துணை நின்றவர். பெயரை மாற்றுங்கள் என்று ட்லாமின் மக்கள் 2021-ல் கேட்டார்கள். அதே வருஷக் கடைசியில் ஆலையும் நின்றது. 2023-ல் இனி திறக்காது என்று அறிவித்தார்கள்.

வருத்தப்படுவதா என்று கேட்டீர்கள். ஆலைக்காக எனக்கு வருத்தம் இல்லை. அது 1960-ல் மக்மில்லன் புளோடல் என்ற கம்பெனியோடு சேர்ந்தது, அப்புறம் பசிஃபிகா, நார்ஸ்கே, கேட்டலிஸ்ட், பேப்பர் எக்ஸலன்ஸ் என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது. பேப்பர் வாங்குவதை நாம் நிறுத்தியபிறகு எந்தப் பலகையாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் உச்சத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த இடம். கம்பெனி கட்டிய வீடு, கம்பெனி கட்டிய மண்டபம் என்று அப்பா, மகன், பேரன் மூன்று தலைமுறை இருந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காக வருத்தம்தான். டீஸ்க்வாட்டை இழந்தவர்களுக்கும் இதே வருத்தம், நூறு வருஷம் முன்னதாக. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகன் நம்ப மறுக்க இன்னொரு விஷயம் தருகிறேன். அந்தப் பவல் ஏரி முன்பு கடலின் கை. பனியாறுகள் விலகி நிலம் மேலெழும்பியதும் கடலிலிருந்து துண்டானது. மேலே நல்ல தண்ணீர் நிரம்பிவிட்டது. 300 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள அந்த ஏரியின் அடியில், கிட்டத்தட்ட பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தைய கடல்தண்ணீர், உப்பின் கனத்தால் மேலே வரமுடியாமல் இன்னும் அப்படியே கிடக்கிறது. அடுத்த முறை ஃபெர்ரியில் ஏறும்போது சொல்லுங்கள். சண்டை எதுவரை வந்தது என்று எழுதவும்.