நாயின் பக்கத்து நியாயம்: வளவு நாய்கள் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளைக் கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே கேள்விதான்: "எங்கட நாய் ஏன் இப்படிச் செய்யுது?" ஆகவே ஒவ்வொன்றையும் முதலில் நாயின் மூக்கும் காதும் இருக்கும் இடத்திலிருந்து பார்த்துவிட்டு, பிறகு வீட்டுக்காரர் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

பாண் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் எங்கட டைகர் முதலில் ஊளையிடுவான். வண்டி கிட்ட வந்ததும் கடப்படியில நிண்டு குரைத்துத் தள்ளுவான். அம்மம்மா "சாவு வரப்போகுது" என்கிறா. (கல்லடி)

அம்மம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நீண்டு இழுபடும் ஒலி, அது பாண் வண்டிப் பாட்டோ அம்புலன்ஸ் சத்தமோ, நாயின் காதுக்குத் தூரத்தில் இன்னொரு நாய் கூப்பிடுவது போலிருக்கும். ஊளை அதற்கான பதில். நமக்கு 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். மெல்லிய சத்தமும் நம்மைவிட நன்றாகக் கேட்கும் என்பதால் வண்டி அடுத்த ஒழுங்கையில் திரும்பும்போதே டைகருக்குத் தெரிந்துவிடும்.

குரைப்பது வேறு கணக்கு. வண்டி வந்தது, டைகர் குரைத்தான், வண்டி போய்விட்டது. அவன் பார்வையில் அவன்தான் துரத்தினான். ஒவ்வொரு நாளும் அவனுக்கே வெற்றி. நீங்கள் பின்னால் நின்று சத்தம் போட்டால், வீட்டுக்காரரும் சேர்ந்து குரைப்பதாக எடுத்துக்கொள்வான். காது நிமிர்ந்த அந்த நொடியிலேயே பின்வளவுக்குக் கூப்பிட்டு, சோளப் பொரி அளவில் பத்துப் பன்னிரண்டு இறைச்சித் துண்டுகளை மணலில் தூவிவிடுங்கள். மோந்து பொறுக்கி முடிக்கும்போது வண்டி போயிருக்கும். ஒரு நாளும் விடாமல் மூன்று கிழமை செய்யுங்கள். பணிஸ் மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள பிளம்ஸ், அதாவது உலர்ந்த முந்திரிகை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

செருப்பைக் கடித்துப்போட்டு, நாங்க வந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிது. பிழை செய்தது தெரியுந்தானே? (ஏறாவூர்)

தெரியாது. 2009இல் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக்கூடாததைத் தின்ற நாயா, தின்னாத நாயா என்பதில் அந்த முகம் மாறவில்லை. வீட்டுக்காரர் ஏசியபோதுதான் அது கூடியது. உங்கள் நாய் பார்ப்பது உங்கள் நெற்றிச் சுருக்கத்தை, செருப்பை அல்ல. செய்த ஓரிரு நொடிக்குள் வராத கண்டிப்பை நாயால் செயலோடு சேர்க்க முடியாது.

வீட்டிலேயே உங்கள் மணம் அதிகம் ஊறிய பொருள் செருப்பு; நீங்கள் இல்லாத நேரம் அதைத் தேடுவதில் அதிசயமில்லை. நான்கு முதல் ஆறு மாதக் குட்டியென்றால் பால்பல் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும் காலம், முரசு தினவெடுக்கும். செருப்பை நெஞ்சளவு உயரத் தட்டில் வையுங்கள். கடிக்க முழுக் கரட் ஒன்றைக் குளிரூட்டியில் வைத்துக் கொடுங்கள். தேங்காய் மட்டை வேண்டாம். தும்பை விழுங்கினால் குடலில் அடைக்கும்.

வாவிக்கரையில் அழுகின மீனைக் கண்டால் விழுந்து புரளுது. எவ்வளவு கழுவியும் நாத்தம் போகுதில்ல. (நாவற்குடா)

நாற்றம் நமக்குத்தான். நாய்க்கு அது பூசிக்கொண்டு போக வேண்டிய வாசம். கழுவும் முறையில்தான் பிழை நடக்கிறது. மீன் எண்ணெய் தண்ணீரில் கரையாது. முதலில் வாளித் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் தோல்வரை பரவும். உலர்ந்த பழைய துணியால் ஒற்றி எடுங்கள். நாய்க்கான ஷாம்புவை, இல்லாவிட்டால் குழந்தை ஷாம்புவை, ஈரமில்லாத மயிரிலேயே கழுத்திலும் தோளிலும் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு தண்ணீர். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் தோலை வரட்டி, சொறிய வைத்துப் புண்ணாக்கும்.

புரள்வதைவிட நாங்கள் கவலைப்படுவது தின்பதைப் பற்றி. வலையில் அகப்பட்ட பேத்தை மீனைக் கரையில் எறிந்துவிடுவது வழக்கம். வயிறு ஊதி, செதில் இல்லாத தடித்த தோலோடு கிடக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு காய்ந்தாலும் சமைத்தாலும் அழியாது. தின்ற நாய்க்குச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் எச்சில் வடியும், வாந்தி வரும், பின்னங்கால் தள்ளாடும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். மாற்று மருந்து இல்லை. மூச்சைத் தாங்கிப் பிடித்தால் நஞ்சு வெளியேறிப் பிழைக்கலாம். எனவே பேத்தையை வாயில் கண்டால் அறிகுறி வரும்வரை பார்த்திராமல் மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். வாந்தியெடுக்க உப்புத் தண்ணீர் பருக்காதீர்கள், உப்பே நஞ்சாகும்.

வாயிலிருந்து தங்கூசி (தூண்டில் நூல்) தொங்கினால் அதை இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். மறுமுனையில் தூண்டில் இருக்கலாம். இழுத்தால் தொண்டை கிழியும். நுனியைக் கழுத்துப் பட்டியில் தளர்வாகக் கட்டிக் கொண்டுபோங்கள்.

டொக்டர், எங்கட நாய் படுத்திருக்கிற கோழிக்குப் பக்கத்தில் படுக்கும். கோழி ஓடினால் மட்டும் பாய்ந்து பிடிக்குது. இந்த மாதம் மூன்று போச்சு. செத்த கோழியைக் கழுத்தில் கட்டச் சொல்லுறாங்க. (களுவாஞ்சிக்குடி)

கட்ட வேண்டாம். அழுகிய கோழி கழுத்தில் தொங்குவதை நாய் நேற்றைய பாய்ச்சலோடு சேர்த்துப் பார்க்காது. ஈயும் புழுவும்தான் வரும்.

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: ஓடினால் மட்டும். படுத்திருக்கும் கோழி வீட்டுப் பொருள். செட்டையடித்து ஓடும் கோழி வேட்டை. துரத்துவதே நாய்க்குப் பரிசு என்பதால், பிடிபடாத கோழியும் அடுத்த பாய்ச்சலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் போகிறது. ஆகவே முதல் வேலை, இன்றிலிருந்து ஒரு துரத்தலும் நடக்க விடாமல் இருப்பது. கூட்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். இல்லாவிட்டால் தோண்டிக்கொண்டு போகும்.

பிறகு பழக்கம். காலையில் அரை மணி நேரம் நடத்திக் களைக்கச் செய்தபின், ஆறடிக் கயிற்றில் பிடித்து, கூட்டிலிருந்து இருபதடி தள்ளி நில்லுங்கள். நாய் கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் கணத்தில் சுண்டுவிரல் நகமளவு அவித்த ஈரல் ஒன்று. ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு தரம். உடம்பு தளர்வாக இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரண்டடி கிட்டப் போங்கள். திறந்திருந்த வாய் மூடி, கண் இமைக்காமல், வால் விறைத்து, ஒரு முன்னங்கால் மெல்ல உயர்ந்தால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். ஐந்தடி பின்னுக்கு வாருங்கள். பலரும் தோற்பது அவசரத்தால். நான்காம் நாளே கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள்.

இன்னும் மூன்று விசயம். அந்தியில் கோழிகள் கூடடைய ஓடும் அரை மணி நேரம் நாயைக் கட்டி வையுங்கள். கோழிக் குடலையும் தலையையும் பச்சையாக அதற்குப் போடுவதை நிறுத்துங்கள். குஞ்சு பொரித்த கோழி இருக்கும்போது எவ்வளவு பழகிய நாயையும் தனியே விட வேண்டாம்.

பூனைக்குட்டி வாங்கினோம். நாய் வாலாட்டிக்கொண்டு போகுது, பூனை முகத்தில் கீறுது. (காரைதீவு)

இரண்டும் இரண்டு பாசை. நாய் தளர்வாக வாலாட்டினால் சிநேகம். பூனை வாலைச் சுழற்றினால் கோபம். முன்கால் தாழ்த்தி, பின்புறம் உயர்த்தி "விளையாட வா" என்று நாய் குனிவது, பூனைக்குப் பாயப்போவதாகத் தெரியும். ஒரு கிழமை வேறு அறையில் வைத்து, பூனை படுத்த துணியை நாய்க்கும் நாய் படுத்த சாக்கைப் பூனைக்கும் மாற்றிப் போடுங்கள். நாய் ஏறமுடியாத உயரத்தில் பூனைக்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும். நாய்க்குப் பூசும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது நஞ்சு.

கச்சான் காத்துக் காலத்தில் தண்ணீர்த் தொட்டியடியில் குழி தோண்டி, பூக்கண்டெல்லாம் போச்சு. (திருக்கோவில்)

நாய்க்கு உள்ளங்காலில் மட்டுந்தான் கொஞ்சம் வியர்க்கும். மிச்சச் சூட்டை இளைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். ஈரமண் குளிர்ச்சி என்று அது கண்டுபிடித்தது சரியான வைத்தியம். தடுப்பதைவிட ஒரு குழியை நீங்களே கொடுங்கள்: வேம்பு நிழலில் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழம், பாதிக்கு மணல். காலை பதினொன்றுக்கும் பின்னேரம் மூன்றுக்கும் ஒரு வாளித் தண்ணீர். தகரக் கூரை போட்ட கூட்டில் பகலில் அடைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39.2 பாகை வரை. 41ஐத் தாண்டினால் உயிராபத்து. முரசு கடுஞ்சிவப்பாகி, தடித்த எச்சில் ஒழுகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நனைந்த சாக்கால் மூடக் கூடாது, சூடு உள்ளேயே நிற்கும். இளைப்பு அடங்கும்வரை பார்த்திராமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சாப்பிடும்போது மூன்று வயது மகன் கிட்டப் போனால் உறுமுது. அடித்துத் திருத்தலாமா? (அக்கரைப்பற்று)

அடிக்காதீர்கள், தயவுசெய்து. உறுமல் நாய் தரும் எச்சரிக்கை. அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை சத்தமில்லாமல் கடி வரும். நாயின் தட்டைக் குசினிக்குப் பின்னால், நடுவில் கதவோ தட்டியோ உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். தின்று முடிந்து நாய் விலகியபின் பெரியவர் ஒருவர் தட்டை எடுக்கட்டும். கட்டிப்பிடிக்கும் நேரத்தில் நாய் முகத்தைத் திருப்பினால், நாக்கால் உதட்டை நக்கினால், கண்ணின் வெள்ளை தெரிந்தால் பிள்ளையை விலக்குங்கள். உறுமலுக்கு முந்திய உறுமல் அது.

விசர்நாய்த் தடுப்பூசி வருடந்தோறும் போடுகிறீர்களா? எந்த நாய் கடித்தாலும், பூனையோ கீரியோ கீறினாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், கோப்பித்தூள், தேசிக்காய் ஒன்றும் வைக்க வேண்டாம். கடித்த நாயைக் கொல்லாமல் கட்டி வைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும்; அதன் நிலை வைத்தியருக்குத் தேவைப்படும்.

யானை வாற இரவில் நாயை அவிழ்த்து விடலாமா? (வெல்லாவெளி)

வேண்டாம். வீட்டாரும் தானும் ஒரே கூட்டம் என்ற தைரியத்தில் நாய் குரைத்துக்கொண்டு கிட்டப் போகும். யானை திருப்பித் துரத்தினால் அது ஓடிவருவது உங்களிடம்தான், யானையும் பின்னாலேயே வரும். இரவில் நாயை வீட்டுக்குள் வைத்திருங்கள். ஒரே திசையைப் பார்த்து விடாமல் குரைத்தால் வெளியே போகாமல், விளக்கைப் போட்டு அயலாருக்கு அறிவியுங்கள்.