பொண்ணு ஃபுட்பால்ல கோல் கீப்பரா போறேன்னு நிக்கிறா, பயமா இருக்குன்னு கேட்ட பாம்பன் அக்காவுக்கு

அக்கா, நீங்க அனுப்புன மூணு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். கடைசி மெசேஜ்ல பின்னாடி அலைச் சத்தம் கேட்டுச்சு, கடல்பாசி எடுத்துட்டு கரையேறுன கையோட பேசிருக்கீங்க. "பதினோரு பேரு ஆடுற ஆட்டத்துல ஒத்த ஆளு நிக்கிற எடம் தம்பி, அதுல போயி எம்புள்ள நிக்கணுங்குறா, புள்ள கைய ஒடிச்சிக்கிட்டு வந்தா யாரு கட்டிக்குவான்னு அவுக அப்பா சத்தம் போடுறாக"ன்னு சொன்னீங்க. இதுல ரெண்டு பயம் இருக்கு, ரெண்டும் நியாயமான பயம்தான், அதனால மழுப்பாம பதில் சொல்றேன்.

முதல்ல அந்த ஒத்த ஆளு விஷயம். இதுதான் கீப்பர் வேலைல இருக்கற நிஜமான கஷ்டம், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். கோல் அடிக்க முன்னாடி நிக்கற ஃபார்வர்டு பொண்ணை கடைசி இருபது நிமிஷம் இறக்கி பாப்பாங்க, கீப்பரை அப்படி மாத்த மாட்டாங்க, முதல் கீப்பருக்கு அடிபடணும் இல்ல ஃபார்ம் போகணும், அதுவரைக்கும் ரெண்டாவது கீப்பர் பெஞ்சுலதான் உக்காந்திருக்கணும். ஜெர்மனியோட கீப்பர் நாடீன் ஆங்கரர் கிட்டத்தட்ட பத்து வருஷம் இன்னொரு கீப்பருக்குப் பின்னாடியேதான் இருந்தாங்க. 2007 பெண்கள் உலகக் கோப்பைல இடம் கிடைச்சுது, அப்ப அவங்களுக்கு 28 வயசு. அந்தக் கோப்பைல ஆறு மேட்ச்லயும் ஒரு கோல் கூட விடல, பைனல்ல பிரேசிலோட மார்த்தா அடிச்ச பெனால்டியையும் புடிச்சாங்க, 2013-க்கான உலகின் சிறந்த வீராங்கனை விருதும் வாங்குனாங்க, அதுக்கு முன்னாடி எந்த கீப்பருக்கும் அது கிடைச்சதில்ல. இத உங்களுக்கு ஆசை காட்ட சொல்லல அக்கா. கீப்பருக்கு பலன் லேட்டாதான் வரும், 17 வயசுல டீம்ல இடம் கிடைக்கலன்னு "அவ்ளோதான், போதும்"னு நிறுத்திடக் கூடாதுன்னுதான் சொல்றேன். அதே சமயம் அத்தனை வருஷம் காத்திருக்கணும்னா கையில வேற ஒரு படிப்பும் வருமானமும் இருந்தாதான் முடியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஆடுறது ஒருத்தர்னாலும் 23 பேரு டீம்ல மூணு கீப்பரைக் கூட்டிட்டுப் போகணும், பெரிய போட்டிகள்ல அது ரூலே. நான் பார்த்த மாவட்ட செலக்‌ஷன்கள்ல முன்னாடி ஆடுறதுக்கு அவ்ளோ பொண்ணுங்க வரிசைல நிப்பாங்க, க்ளவுஸ் மாட்டிட்டு வர்றது ரெண்டு பேரு, சில நேரம் ஒருத்தர். உங்க பாப்பா ஒன்பதாவதுலயே அஞ்சடி அஞ்சு அங்குலம் இருக்கா. கோல் போஸ்ட் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர், பெரிய பொம்பளைங்க ஆட்டத்துலயும் ஆம்பளைங்களோட அதே போஸ்ட்தான், அதனால உயரம் இருக்கற புள்ளைய கோச்சுங்க லேசுல விட மாட்டாங்க.

கை ஒடியறதப் பத்தி. விரல் சுளுக்கும், அடிபடும், மறைக்கல. ஆனா நான் அதிகமா பயப்படுறது முழங்காலுக்குத்தான், பொண்ணுங்களுக்கு முட்டி எலும்பைச் சேத்துப் புடிக்கற லிகமென்ட் கிழியற வாய்ப்பு பசங்கள விட அதிகம், அதுக்குன்னே ஃபிஃபா 11 பிளஸ்னு ஒரு வார்ம்-அப் இருக்கு, 20 நிமிஷம், காசு செலவில்ல, பி.டி. டீச்சர்கிட்ட தினம் அதச் செய்யச் சொல்லுங்க. அவ கடற்கரை மணல்ல டைவ் அடிச்சு பழகுறது நல்லதுதான், மேல அடி படாது, காலுக்கு பலம் வரும், ஆனா மணல்ல பந்து எகிறாது, தரைல பட்டு எகிறி வர்ற பந்தைப் புடிக்கறதுதான் கீப்பருக்கு பாதி வேலை, அதனால வாரத்துல ரெண்டு நாளாவது கெட்டித் தரைல ஆடணும். போன தடவை கேம்ப்ல அவ விரலைப் பார்த்தேன், நீங்க பாசிக்கு இறங்கறப்ப விரல்ல துணி சுத்திக்குவீங்கள்ல, அதே மாதிரி ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா, நுனிய விட்டுட்டு, முட்டிக்கு மேலயும் கீழயும் டேப் சுத்திருந்தா. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன், அம்மாவப் பார்த்துதான்னு சொன்னா.

இப்ப காசு. நாட்டுக்கு ஆடுனா மாசச் சம்பளம் வரும்னு நினைக்காதீங்க, வருமானம் கிளப்லயும் வேலைலயும்தான். இந்தியன் விமன்ஸ் லீக்ல டீமுக்கு 10 பேருக்காவது வருஷத்துக்கு குறைஞ்சது 3.2 லட்சம்னு 2023-ல இந்திய ஃபுட்பால் கூட்டமைப்பு அறிவிச்சாங்க, அது லீக்ல இடம் புடிக்கறவங்களுக்கு, அதுவும் வருஷா வருஷம் ஒப்பந்தம். நிலையான சோறு வேலைலதான் இருக்கு. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு மிட்ஃபீல்டு ஆடிக்கிட்டே தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டராவும் இருந்தாங்க. நம்ம மாநில அரசு வேலைகள்ல விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, ரயில்வேலயும் எடுக்கறாங்க. நம்ம ஊருலேர்ந்து இதெல்லாம் எட்டாத தூரம்னு நினைக்காதீங்க. மதுரை சேது எஃப்.சி. 2019-ல அந்த லீக்கையே ஜெயிச்சுது, சீனியர் தேசியப் போட்டிய நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்க 2018-லயும் 2023-லயும் ஜெயிச்சாங்க, சௌமியா நாராயணசாமின்னு தமிழ்நாட்டு கீப்பர் 2022 ஆசியக் கோப்பை இந்திய டீம்லயே இருந்தாங்க.

படிப்பு நிறுத்தவே கூடாது, இதுல நான் கறாரா இருப்பேன். சென்னைல பொறந்து டெல்லில வளர்ந்த கீப்பர் அதிதி சௌஹான் இங்கிலாந்துல லஃப்பரோ யுனிவர்சிட்டில படிக்கப் போன இடத்துலதான் 2015-ல வெஸ்ட் ஹாம் கிளப்புக்கு ஆடுனாங்க. படிப்புதான் அவங்கள அங்க கொண்டு போய் நிறுத்துச்சு. பாப்பா பத்தாவதை ஒழுங்கா முடிக்கட்டும். அரசு விளையாட்டு விடுதில 7, 8, 9, 11-ம் வகுப்புக்குத்தான் சேர்ப்பாங்க, அதனால அவளுக்கு அடுத்த வாய்ப்பு பதினொண்ணு. பன்னிரண்டுக்கு அப்புறம் காரைக்குடி அழகப்பா யுனிவர்சிட்டில உடற்கல்வி படிக்கலாம், தூரமும் இல்ல, ஆடிக்கிட்டே படிக்கலாம், பின்னாடி கோச்சிங் லைசென்ஸும் எடுக்கலாம். கீப்பருக்குன்னு தனியா கோச் வேணும், பொம்பளை கீப்பர் கோச் நம்ம பக்கம் கிடைக்கறதே கஷ்டம், அதனால இதையும் ஒரு வேலையாவே நினைச்சு வைங்க. ஆங்கரர் கூட ஆட்டத்த விட்டுட்டு அமெரிக்கால கீப்பர் கோச்சாதான் போனாங்க.

இனிமே சொல்றத அண்ணன்கிட்டயும் உக்கார வச்சு சொல்லுங்க, ஏன்னா இதுலதான் நம்ம புள்ளைங்க தோத்துப் போறாங்க. பேப்பர். என்கிட்ட ஒரு பொண்ணு வந்தா, நேஷனல் ஆடுனவ, வேலைக்கு மனு போட்டா. ஆதார்ல அப்பா பேரோட முதல் எழுத்து முன்னாடி, விளையாட்டு சர்டிபிகேட்ல அந்த இனிஷியலே இல்ல, மார்க் ஷீட்ல பேரு ஸ்பெல்லிங்கே வேற. மூணு தடவை திருப்பி அனுப்புனாங்க, கையெழுத்துப் போட வேண்டிய ஆளு அதுக்குள்ள மாறிட்டாரு, கடைசி தேதி போயிடுச்சு. அவ முன்னாடி உக்காந்து என்னால ஒண்ணும் பண்ண முடியல, இன்னைக்கும் அது மனசுல கிடக்கு. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஒரு சான்றிதழ் படிவம் கேப்பாங்க, நேஷனல் லெவல் ஆடுனா படிவம் 2, யுனிவர்சிட்டிகளுக்கு இடையில ஆடுனா படிவம் 3, தேசிய பள்ளி விளையாட்டுன்னா படிவம் 4, போட்டி முடிஞ்ச கையோட வாங்கிடணும், ரெண்டு வருஷம் கழிச்சுப் போய் கேட்டா அலைய விட்ருவாங்க. வயசுக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தும் பாப்பாங்க, அதனால டீம்ல சேக்கறேன்னு யாராவது ரெண்டு வயசு குறைச்சுப் போடலாம்னு சொன்னா அந்த ஆளு பக்கமே போகாதீங்க.

கண்ணாடி போட்டிருக்காளே, கண்ணு பத்தாதேன்னு கேட்டீங்க. இங்கிலாந்து கீப்பர் ஹன்னா ஹாம்ப்டன் பொறக்கும்போதே மாறுகண்ணு, சின்ன வயசுல பல ஆபரேஷன், பந்து எவ்ளோ தூரத்துல வருதுன்னு கணக்குப் போடவே கஷ்டம், ஃபுட்பால் வேணாம்னு டாக்டரே சொன்னாராம். 2025-ல பெண்கள் ஐரோப்பிய கோப்பை (யூரோ) பைனல்ல ஸ்பெயினோட ரெண்டு பெனால்டிய அவங்கதான் தடுத்தாங்க. அதனால கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை நல்லா காட்டிருங்க, பவர் கூடிக்கிட்டே போகுதான்னு பாருங்க, அதுக்கு மேல கவலை வேணாம்.

இந்த வாரத்துக்குள்ள ஆதார், பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் டி.சி. மூணுலயும் பேரு, இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கான்னு பார்த்துட்டு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க அக்கா, மாறியிருந்தா திருத்துற வழிய நான் சொல்றேன். மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சதும் அண்ணன் வீட்ல இருப்பாருல்ல, அப்ப ஒரு நாள் மூணு பேருமா இராமநாதபுரம் வாங்க, சாயங்காலம் சேதுபதி ஸ்டேடியத்துல அவ கோல்ல நிக்கிறத அண்ணன் ஒரு தடவை பக்கத்துல நின்னு பாக்கட்டும், அப்புறம் உக்காந்து பேசுவோம்.