மாற்றிக் கொடுத்த கைபேசிக்கு வாரண்டி எந்த நாளிலிருந்து?

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ₹18,500 கொடுத்து வாங்கிய கைபேசியின் திரையில் பதினோரு மாதம் முடிந்த நிலையில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பழைய செட்டை வாங்கிக்கொண்டு வேறொரு செட்டைக் கொடுத்தார்கள். 52ஆம் நாள் அந்தச் செட்டிலும் அதே கோடு. "ஒரு வருடம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, திரை மாற்ற ₹7,200 ஆகும்" என்கிறார்களாம். மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து புதிதாக ஒரு வருடம் கிடைக்காதா என்று கேட்கிறார்.

கிடைக்காது. வாரண்டி நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய விற்பனைக்கு உரியது. சர்வீஸ் சென்டர் செட்டை மாற்றிக் கொடுப்பது அந்த வாரண்டியின் கீழ் நடக்கும் பழுதுநீக்கம்தானே தவிர இன்னொரு விற்பனை அல்ல. ஆனால் அதற்காக ₹7,200 கட்டிவிடாதீர்கள். பல நிறுவனங்களின் வாரண்டி அட்டையில், மாற்றிய செட்டுக்குப் பழைய வாரண்டியின் மீதி நாள்கள் அல்லது மாற்றிய தேதியிலிருந்து 90 நாள்கள், இவற்றில் எது அதிகமோ அது பொருந்தும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். உங்களுக்கு மீதி இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு என்பதால், அந்த வரி உங்கள் அட்டையில் இருந்தால் 90 நாள் கணக்குதான் செல்லும். கவுன்ட்டரில் இருக்கும் பையனுக்குக் கணினி காட்டுவது பெரும்பாலும் வாங்கிய தேதியை மட்டுமே. அவன் "முடிந்துவிட்டது" என்று சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. பலர் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். வாங்கிய சில நாள்களுக்குள் கடைக்காரரோ இணைய விற்பனைத் தளமோ பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முதல் பில்லை ரத்து செய்து, வேறு தேதியிட்ட புதிய பில்லுடன் இன்னொன்றைக் கொடுத்தால் அது புதிய விற்பனை. வாரண்டியும் புதிய பில்லின் தேதியிலிருந்து ஓடும். அதே கடைக்காரர் பழைய பில்லை வைத்துக்கொண்டே பெட்டியை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் பழைய தேதிதான் நிற்கும். ஆகவே கடையில் மாற்றும்போது கெஞ்சியாவது புதிய பில் வாங்குங்கள். உங்களுக்கு மாற்றிக் கொடுத்தது சர்வீஸ் சென்டர். இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இப்போது கைபேசியில் *#06# என்று அழுத்துங்கள். வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு செட்டுக்கும் தனியாக உள்ள அடையாள எண்), உங்கள் பில்லில் உள்ள எண்ணாக இருக்காது. பழைய எண், புதிய எண், மாற்றிய தேதி மூன்றும் உள்ள ஜாப் ஷீட் (சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் வேலைச் சீட்டு) உங்களிடம் இல்லையென்றால், இந்தச் செட் உங்களுடையது என்பதற்கே காகிதம் இல்லை என்று பொருள். அதைக் கேட்டு, நகலை முத்திரையுடன் வாங்குங்கள். தனியாகப் பணம் கட்டிய கூடுதல் வாரண்டியோ காப்பீடோ இருந்தால் அதுவும் பழைய எண்ணிலேயே தூங்கிக்கொண்டிருக்கும்; எழுத்து மூலம் புதிய எண்ணுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கோபத்தில் எஸ்.பி. ரோட்டில் உள்ள பழுதுபார்க்கும் கடைகளுக்குப் போய்விடாதீர்கள். அங்கே கைவேலையில் கெட்டிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் வெளியாள் ஒருமுறை செட்டைத் திறந்துவிட்டால், பழுதுக்கு அவர்தான் காரணம் என்று நிறுவனம் கைகழுவிவிடும். அதைவிட மோசம், கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் "கஸ்டமர் கேர்" எண்கள். வீட்டுக்கே வந்து செட்டை எடுத்துப்போகிறோம், பதிவுக்குப் பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள், வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள் என்பார்கள். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மிக்சிக்கு வாரண்டி கேட்கப் போய் வங்கிக் கணக்கில் ₹43,000 இழந்தார். அட்டையில் அச்சிட்ட எண்ணைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

அட்டையில் 90 நாள் வரி இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. வாரண்டிக் காலத்துக்குள் புகார் செய்த அதே குறை, கொடுத்த மாற்றுச் செட்டிலும் வந்திருக்கிறது. அப்படியானால் முதல் புகார் தீரவே இல்லை என்பது உங்கள் வாதம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அது சமரசம் பேசும், உத்தரவு போடாது. நகராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெங்களூரிலேயே, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ₹5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் நடத்திய வழக்குகளில் நிறுவனத்தின் வக்கீல் வாய்தா வாங்கவே அந்த ஐந்து மாதம் போதவில்லை. எத்தனையோ பேர் அலுத்துப்போய்ப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நிறுவனங்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

உங்கள் கடிதம் என் கைக்கு வர ஐந்து நாள் ஆகியிருக்கிறது. 90 நாளில் இன்னும் 33 நாள்களே மீதி. நாளைக்கே செட்டைக் கொண்டுபோய், பச்சைக் கோட்டைக் குறிப்பிட்டுத் தேதியுடன் ஜாப் ஷீட் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், அங்கே நின்றபடியே கோட்டைப் படமெடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.